எறும்புக் கையுறையும் குளவிக்கூடும்: கொட்டு வாங்கி ஆளாகும் சடங்குகள்

"அமேசான் காட்டில் எறும்பு நிரப்பிய கையுறைக்குள் கையை விட்டு நின்றால்தான் பையனை ஆம்பளை என்று ஒப்புக்கொள்வார்களாமே, உண்மையா? வேறு எங்காவது இப்படி உண்டா? எதற்காக இந்தச் சித்திரவதை?" என்பதுதான் கேள்வி.

உண்மைதான். இன்றும் நடக்கிறது. ஆனால் யூடியூபில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய வீடியோக்கள் எல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். வெளிநாட்டுத் தொலைக்காட்சிக்காரர் ஒருவர் கையை விடுவார், அலறுவார், கீழே விழுவார், படம் முடிந்துவிடும். அதைப் பார்த்தால் இது வலி தாங்கும் பந்தயம் என்றே தோன்றும். வலிக்கு அதில் இடம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த மக்களுக்கு வலியைவிடப் பூச்சி முக்கியம். அந்தப் பூச்சியிடம் இருக்கும் ஏதோ ஒன்று உடம்புக்குள் இறங்க வேண்டும் என்பதற்காகத்தான் கொட்டு வாங்குகிறார்கள். இதைப் பிடித்துக்கொண்டால் மற்ற விவரங்கள் எல்லாம் புரியத் தொடங்கும்.

நீங்கள் கேள்விப்பட்டது சத்தேரே-மவே மக்களின் சடங்கு. பிரேசிலில் அமேசோனஸ், பாரா மாநிலங்களின் எல்லையில், அந்திரா, மராவ் என்ற ஆறுகளை ஒட்டி வாழ்பவர்கள். துப்பி மொழிக் குடும்பத்தைச் சேர்ந்த மொழி பேசுகிறார்கள். அவர்களுடைய நிலத்துக்கு 1986-இல் பிரேசில் அரசு முறையான அங்கீகாரம் தந்தது. எனர்ஜி டிரிங்க் டப்பாக்களில் 'குவாரானா' என்று போட்டிருக்குமே, அந்தக் காட்டுக்கொடியைப் பயிராக்கியவர்கள் என்று பெயர் பெற்றவர்களும் இவர்கள்தான். குவாரானா விதையைக் கல்லில் உரசித் தண்ணீரில் கரைத்துக் குடிப்பது அவர்களுடைய அன்றாடப் பழக்கம். எறும்பால் மட்டும் உலகத்துக்குத் தெரிந்த மக்கள் என்று நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த எறும்பைப் பிரேசிலில் துக்கான்தெய்ரா என்பார்கள். ஆங்கிலப் பெயரை வைத்து நாம் புல்லட் எறும்பு என்கிறோம். துப்பாக்கிக் குண்டு பட்டதுபோல் வலிக்குமாம். ஸ்பானிய மொழி பேசும் நாடுகள் சிலவற்றில் 'இருபத்துநாலு மணி நேர எறும்பு' என்றே பெயர். ஒரு கொட்டின் வலி ஒரு நாள் முழுக்க இருக்கும் என்பது கணக்கு. நீளம் சுமார் 2 முதல் 3 சென்டிமீட்டர், கருப்பு நிறம், மரத்தடியில் கூடு. இரை தேடி மர உச்சி வரை போகும். கூட்டைத் தொந்தரவு செய்தால் காதில் விழும்படி 'கிறீச்' என்று ஒலி எழுப்பி எச்சரிக்கும், அதற்கும் அசையாவிட்டால் கொட்டும்.

நம்மூர்க் கட்டெறும்போடு இதைச் சேர்த்து நினைக்கக் கூடாது. கட்டெறும்புக்குக் கொடுக்கே கிடையாது. தாடையால் கடித்து, அந்தக் காயத்தில் அமிலத்தைத் தெளிக்கும், அவ்வளவுதான். புல்லட் எறும்புக்குக் குளவியைப் போல வயிற்று நுனியில் கொடுக்கு உண்டு. தேனீ ஒருமுறை கொட்டினால் கொடுக்கைத் தோலிலேயே விட்டுவிட்டுச் செத்துப்போகும். இது திரும்பத் திரும்பக் கொட்டும். இன்னொரு விஷயம்: எறும்பு, தேனீ, குளவி எதுவானாலும் கொடுக்கு என்பது முட்டையிடும் உறுப்பு உருமாறி வந்தது. எனவே கொட்டுவது எப்போதும் பெண் பூச்சிதான். பையன்களை ஆண்பிள்ளையாக்கும் இந்தச் சடங்கில் வேலையை முழுக்கச் செய்வது பெண் எறும்புகள்!

வலி எவ்வளவு என்பதற்குப் பலரும் காட்டுவது ஜஸ்டின் ஷ்மிட் என்ற அமெரிக்கப் பூச்சியியலாளரின் அளவுகோலை. அரிசோனாவில் இருந்தவர், 2023-இல் காலமானார். எண்பது வகை வரை பூச்சிகளிடம் கொட்டு வாங்கி, 1 முதல் 4 வரை மதிப்பெண் போட்டார். தேனீக்கு 2. புல்லட் எறும்புக்கு 4, அதற்கு மேலும் ஒரு 'பிளஸ்'. இதற்காக 2015-இல், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசும் பெற்றார். அவருக்கு வெகு காலம் முன்பே, 1853-இல், அமேசானில் செடி சேகரித்துக்கொண்டிருந்த தாவரவியலாளர் ரிச்சர்ட் ஸ்ப்ரூஸை இந்த எறும்புகள் கொட்டிவிட்டன. லட்சம் காஞ்சொறிச் செடிகள் ஒரே நேரத்தில் பட்டதுபோல் இருந்தது, கை கால் நடுங்கியது, முகத்தில் வியர்வை வழிந்தது, வாந்தியை அடக்கவே பெரும்பாடாயிற்று என்ற பொருளில் எழுதி வைத்திருக்கிறார். காட்டில் வருடக்கணக்கில் அலைந்த மனிதர், சும்மா மிகைப்படுத்தக் கூடியவர் இல்லை.

சரி, இனி சடங்கு. முதல் நாளே ஆட்கள் போய்க் கூட்டைக் கிளறி, எறும்புகளைப் பிடித்து மூங்கில் குழாயில் அடைத்துக் கொண்டுவருகிறார்கள். முந்திரி இலையைக் கசக்கிப் போட்ட தண்ணீரில் அவற்றை விட்டதும் மயங்கிவிடும். மயக்கம் தெளிவதற்குள், ஓலைபோன்ற நாரில் பின்னிய கையுறையின் கண்ணிகளில் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். தலை வெளியே, கொடுக்கு உள்ளே. இடுப்பு பின்னலில் மாட்டிக்கொள்வதால் எறும்பால் நகர முடியாது. சாரிபே என்று சொல்லப்படும் அந்தக் கையுறையைப் பஞ்சவர்ணக்கிளி, கழுகு இறகுகளால் அலங்கரித்திருப்பார்கள். ஒரு கையுறையில் டஜன் கணக்கில் இருக்கலாம், நூறைத் தாண்டியும் போகலாம்.

பையனுடைய கைகளுக்கு ஜெனிபாபோ என்ற காயின் கருஞ்சாயத்தைப் பூசுகிறார்கள். சடங்கை நடத்துபவர் கையுறைமேல் புகையிலைப் புகையை ஊதுவார். மயக்கம் தெளிந்த எறும்புகளுக்கு வெறி ஏறும். பிறகு கையை உள்ளே விட வேண்டும். பொதுவாகச் சில நிமிடங்கள், அதிகம் போனால் பத்து நிமிடம். அந்த நேரம் முழுக்க அவன் தனியாக நிற்பதில்லை. கூட இருப்பவர்கள் தோளோடு தோள் கோத்து வரிசையாக ஆடுவார்கள். காலில் கட்டிய விதைச் சதங்கை ஒலிக்கும். தலைமைப் பாடகர் பாட மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். வேலையையும் காதலையும் பற்றிய பாட்டுகளும் உண்டு, பழைய போர்களைச் சொல்லும் கதைப்பாட்டுகளும் உண்டு. வீடியோக்களில் வெட்டி எறியப்படுவது பெரும்பாலும் இந்தப் பாட்டுதான். என்னைக் கேட்டால் சடங்கின் உயிரே அதில் இருக்கிறது. சமூகத்தின் வரலாறு காதில் விழும் நேரமும், அதை மறக்கவே முடியாதபடி உடம்பு விழித்திருக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகிறதே!

கையுறையைக் கழற்றிய பிறகுதான் உண்மையான கஷ்டம் ஆரம்பம். வலி அலை அலையாக ஏறும். கை வீங்கிக் கொஞ்ச நேரம் செயலிழந்து கிடக்கும், உடம்பு தன் கட்டுப்பாட்டில் இல்லாமல் உதறும். இதற்குக் காரணம் பொனராடாக்சின் என்ற நஞ்சு. 25 அமினோ அமிலங்கள் கோத்த சின்னப் புரதத் துணுக்கு. நரம்பில் ஒரு செய்தி போக வேண்டுமானால் சோடியம் அயனிகளுக்கான வழி திறந்து உடனே மூட வேண்டும். இந்த நஞ்சு அதைச் சரியாக மூட விடாது. நரம்பு ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். வலி நரம்பானால் வலி தொடரும், தசைக்குப் போகும் நரம்பானால் தசை தானாக இழுக்கும். நஞ்சு உடம்பிலிருந்து வெளியேறியதும் பழைய நிலை திரும்பும். ஒரு பக்கம் தோலைப் பிய்த்தெடுக்கும் காயமும் இல்லை, மறுபக்கம் இவ்வளவு வலி. சடங்குக்கு இந்த எறும்பைத் தேர்ந்தெடுத்தவர்கள் விவரமானவர்கள் என்றே சொல்வேன்.

"மொத்தம் 20 தடவை செய்ய வேண்டும்" என்று நீங்கள் படித்திருந்தால் அது சரி. ஆனால் ஒரே நாளில் இல்லை. மாதக் கணக்கில், பெரும்பாலும் வருடக் கணக்கில் பரவி நடக்கும். முதல் தடவை பன்னிரண்டு வயது வாக்கில் என்றால், முழு எண்ணிக்கையை முடிக்கும்போது அவன் நிஜமாகவே இளைஞனாகியிருப்பான். பந்தயம் என்ற விளக்கம் இந்த இடத்தில்தான் இடிக்கிறது. தைரியத்தைச் சோதிக்க ஒரு தடவை போதுமே? இருபது தடவை எதற்கு? அவர்கள் சொல்லும் காரணம் வேறு. எறும்பின் கொட்டு உடம்பைச் சுத்தம் செய்யும், நோயைத் தடுக்கும், சோம்பலை விரட்டும், நல்ல வேட்டைக்காரனாக்கும். அப்படியானால் அது மருந்து. மருந்தை ஒரு வேளையோடு நிறுத்துவதில்லையே. இந்த நஞ்சுக்கு நோய் தடுக்கும் சக்தி இருப்பதாக அறிவியல் காட்டவில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் சடங்கு ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்பதை விளக்க, அவர்களுடைய நம்பிக்கை போதும்.

இந்த 'மருந்து' எண்ணம் சத்தேரே-மவேயோடு நிற்பதில்லை. அமேசானுக்கு வடக்கே கயானா பகுதிப் பழங்குடிகளிடம், வேட்டை சரியாக அமையாதவன் கையில் வேண்டுமென்றே எறும்பைக் கடிக்க விடும் வழக்கம் இருந்ததை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். வயதுச் சடங்கு எதுவும் அதில் இல்லை. குறி தவறும் கைக்கு எறும்பின் சுறுசுறுப்பு வேண்டும், அவ்வளவுதான்.

அதே பகுதியைச் சேர்ந்த வயானா மக்களின் சடங்கு எனக்கு இன்னும் சுவாரஸ்யமாகப் படுகிறது. பிரெஞ்சு கயானா, சூரினாம், பிரேசில் மூன்றிலும் ஆற்றங்கரைகளில் வாழ்பவர்கள், கரீப் மொழிக் குடும்பம். அவர்களுடைய சடங்குக்கு வெளியார் வழங்கும் பெயர் மராக்கே. இங்கே கையுறை கிடையாது. குனானா என்ற பிரம்புப் பின்னல் தட்டி உண்டு. மீன், சிறுத்தை, கதைகளில் வரும் விலங்கு என்று ஏதாவது ஓர் உருவத்தில் பின்னி, ஓரமெல்லாம் இறகு ஒட்டி, நடுவில் எறும்புகளையோ குளவிகளையோ இடுப்பில் பிடித்து வரிசையாகச் செருகியிருப்பார்கள். சடங்குக்கு வருபவர்கள் பெரிய இறகுக் கிரீடம் அணிந்து இரவு முழுக்க ஆடுவார்கள். மரவள்ளிக்கிழங்கில் செய்த கள் குடம் குடமாக ஓடும். அதற்கப்புறம் பெரியவர் ஒருவர் அந்தத் தட்டியை அவர்களுடைய மார்பு, முதுகு, கை, கால் என்று உடம்பெங்கும் வைத்து எடுப்பார். முடிந்ததும் தொட்டில் ஏணையில் கிடக்க வேண்டும். பல நாட்களுக்குச் சாப்பாட்டில் கடும் பத்தியம்.

இதில் பெண்களும் உண்டு. ஒரு தடவை செய்தவர்கள் பிற்பாடு மறுபடியும் செய்துகொள்ளலாம். அப்படியானால் 'சிறுவன் ஆணாவது' என்ற சட்டகத்துக்குள் இதை அடைக்க முடியாது. லியோன் நகரத்திலிருந்து 1961-இல் போன ஆந்த்ரே கோன்யா என்ற பிரெஞ்சுக்காரர் வயானாக்களோடே தங்கி, அன்தெக்கும் பாத்தா என்ற ஊரை உருவாக்கி, மராக்கேயும் செய்துகொண்டார். 2021-இல் இறக்கும்வரை அங்கேதான் இருந்தார். வந்தேறியை 'நம்ம ஆள்' ஆக்கவும் அந்தத் தட்டி பயன்பட்டிருக்கிறது.

பெண்களுக்கே உரியதும் இருக்கிறது. பிரேசிலின் மரன்யாவ் மாநிலத்தில் வாழும் கா-அபோர் மக்களில், முதல் மாதவிடாய் வந்த பெண்ணைத் தனியே வைத்து, தலையை மழித்து, கொட்டும் எறும்புகளைக் கயிற்றில் கோத்து நெற்றியிலும் மார்பிலும் கட்டுவார்கள். உணவில் ஆமைக்கறிதான் அனுமதி. தனி அறை, பத்தியம் என்ற பகுதி நமக்கு ஒன்றும் புதிதில்லை. எறும்புதான் புதிது.

குளவி என்றால் கயாபோ. பிரேசிலின் ஷிங்கு ஆற்றுப் பக்கம் இருப்பவர்கள். மானிடவியலாளர் டாரெல் போசி 1980-களின் தொடக்கத்தில் இதைப் பற்றி விரிவாக எழுதினார். மரத்தில் உயரே தொங்கும் பெரிய குளவிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாரம் கட்டுகிறார்கள். வீரர்கள் பாடி ஆடிவிட்டு ஏறிப்போய் வெறுங்கையால் கூட்டை அடிக்கிறார்கள். அரை மயக்கமாகும் வரை கொட்டு வாங்கிவிட்டு இறங்குகிறார்கள். பழங்காலத்தில் மனிதர்கள் ஒரு மாபெரும் காண்டாமிருக வண்டோடு போட்ட சண்டையை மறுபடி நடத்துவதுதான் இது என்பது அவர்கள் சொல்லும் கதை. குளவிகளை எதிரி என்று நினைத்துத் தாக்கவில்லை. போர் எப்படிச் செய்வது என்பதைக் குளவியிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். இதைச் சரியாக வயதுச் சடங்கு என்று சொல்ல முடியாது, வளர்ந்த ஆண்களும் திரும்பத் திரும்பச் செய்வது. ஆனால் உங்கள் கேள்விக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதால் விட மனமில்லை. நம்மூரில் கதண்டுக்கூட்டைக் கண்டால் தீயணைப்புத் துறைக்குப் போன் போடுகிறவர்கள் நாம்!

தென் அமெரிக்காவுக்கு வெளியே என்றால் கலிபோர்னியா. அதன் தென்கோடியில் வாழும் லுயிசேன்யோ மக்கள் பையன்களை எறும்புப் புற்றின்மேலோ எறும்பு நிறைந்த குழியிலோ படுக்கவைத்து, கூடையிலிருந்தும் மேலே எறும்பைக் கொட்டுவார்களாம். முடிந்ததும் எறும்பைத் தட்டிவிடுவது காஞ்சொறி போன்ற அரிக்கும் செடியால்! 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதியவர்களின் நினைவிலிருந்து பதிவான சங்கதி இது. கொஞ்சம் வடக்கே யோகுட்ஸ், கிட்டனேமுக் முதலிய மக்களிடம் இருந்தது இன்னும் விசித்திரம். சில நாள் பட்டினி கிடந்த இளைஞன், கழுகின் மென்சிறகில் உருட்டிய உயிருள்ள சிவப்பு அறுவடை எறும்புகளை விழுங்குவான், நூற்றுக்கணக்கில். நோக்கம் கனவு. தன் வாழ்க்கைக்குத் துணையாக வரப்போகும் ஓர் ஆவியை அந்த மயக்கத்தில் காண வேண்டும். இங்கே கொட்டு வாங்குவது ஊர் பார்க்கும் காட்சியே இல்லை, வயிற்றுக்குள் நடக்கிறது. பூச்சியிடமிருந்து ஒன்று உள்ளே இறங்க வேண்டும் என்று முதலில் சொன்னேனே, அதை இதைவிட நேரடியாகச் செய்ய முடியாது.

சமூக அறிவியல்காரர்கள் இதை எப்படி விளக்குகிறார்கள் என்றால், ரொம்பப் பழைய விளக்கம் 'கஷ்டப்பட்டுச் சேர்ந்த கூட்டத்தை மனிதன் உயர்வாக மதிப்பான்' என்பது. அதற்கு அடிப்படை, அரான்சன், மில்ஸ் என்ற உளவியலாளர்கள் 1959-இல் ஒரு கலந்துரையாடல் குழுவில் சேர வந்த கல்லூரி மாணவிகளை வைத்துச் செய்த சோதனை. ஆனால் ஒரு அறையில் சங்கடமான வார்த்தைகளை வாசிக்கச் சொன்னதையும் எறும்புக் கையுறையையும் ஒரே தராசில் வைப்பது எனக்கு ஒட்டவில்லை. அதைவிடப் பொருத்தமாக இருப்பது மொரிஷியஸில் நடந்த ஆய்வு. டிமிட்ரிஸ் ஷிகலாட்டாஸ் என்ற மானிடவியலாளரின் குழு, அங்குள்ள தமிழர்களின் தைப்பூசக் காவடியை ஒட்டிச் செய்து 2013-இல் வெளியிட்டது. அலகு குத்திக் காவடி எடுத்து வந்தவர்கள், சும்மா கூட்டு வழிபாட்டில் இருந்தவர்களைவிட அதிகமாகக் கோயிலுக்கு நன்கொடை தந்தார்கள். வலி அதிகம் என்று சொன்னவர்கள் தந்ததும் அதிகம். கூடவே நடந்துவந்து பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அள்ளித்தான் கொடுத்தார்கள். வலி ஒருவனுடையது, அதன் பலன் கூட்டத்துக்கே போகிறது. சத்தேரே-மவே பையனோடு தோள் கோத்து ஆடுகிறவர்கள் ஏன் அவ்வளவு அவசியம் என்பதற்கு இதில் ஒரு விடை இருக்கிறது.

'சித்திரவதை' என்று நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். பன்னிரண்டு வயதுப் பையனின் சம்மதத்துக்கு எவ்வளவு எடை என்று கேட்பது நியாயமான கேள்வி. ஊரே செய்யும்போது மாட்டேன் என்று சொல்வது எளிதல்ல. அதை நான் பூசி மெழுகப் போவதில்லை. ஆனால் சித்திரவதை என்றால் ஒருவனை உடைப்பதற்காகச் செய்வது. இங்கே கையுறையைப் பின்னியவர் மாமாவாக இருப்பார், பாடுகிறவர் தாத்தா. அவர்கள் எல்லோரும் அதே வலியைப் பட்டவர்கள், வலி இறங்கும் வரை பக்கத்திலேயே இருப்பவர்கள். பிள்ளையை எங்கேயோ அனுப்பிவிட்டு, அவன் பட்டதை யாரிடமும் சொல்ல முடியாமல் வைக்கும் ராகிங்கோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எதைச் சித்திரவதை என்று சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்றைய நிலை இடத்துக்கு இடம் வேறு. மராக்கேயை பிரான்ஸ் 2011-இல் தன் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது, ஆனால் அது எப்போதோ ஒருமுறைதான் நடக்கிறது. சத்தேரே-மவேயில் ஒரு பகுதியினர் மனாஸ் நகரத்துக்கும் அதன் சுற்றுப்புறத்துக்கும் குடிபெயர்ந்துவிட்டார்கள். அங்கே சில ஊர்களில் சுற்றுலாப் பயணிகள் முன்னாலும் கையுறை நடனம் நடக்கிறது. 'காசுக்காகச் சடங்கை விற்கிறார்கள்' என்று இதைக் குறை சொல்வது சுலபம். நகர ஓரத்தில் வளரும் பிள்ளைக்குத் தன் பாட்டும் ஆட்டமும் தெரிந்திருக்க அதுவே ஒரு வழியாகவும் இருக்கிறது.

யாராவது அங்கே போய் "நானும் கையை விட்டுப் பார்க்கிறேன்" என்று கிளம்பினால் ஒரு எச்சரிக்கை. வலி மட்டும் என்றால் ஒரு நாளில் போய்விடும். தேனீ, குளவி கொட்டி முன்பு ஒவ்வாமை வந்தவர்களுக்கு விஷயம் வேறு. எறும்பும் அதே உறவுக்கூட்டம்தான். கடும் ஒவ்வாமை வந்தால் தொண்டை அடைத்து, ரத்த அழுத்தம் சரிந்து, நிமிடங்களில் உயிருக்கே ஆபத்தாகும். எபிநெஃப்ரின் ஊசி கையில் இருக்க வேண்டும், மருத்துவமனை பக்கத்தில் இருக்க வேண்டும். காட்டுக்குள் இரண்டும் இருக்காது. பாட்டைக் கேட்டுவிட்டு, அவர்கள் அனுமதித்தால் வரிசையில் நின்று ஆடிவிட்டு வாருங்கள்.